கேம்கார்டரில் சத்தம் சரியில்லையா? என்ன கேட்கிறதோ அதை வைத்துத் தேடுங்கள்

தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, தேவானில், அதாவது மண்டபத்தில், நடக்கும் கல்யாணம். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது இதையெல்லாம் படம் எடுத்து வைத்திருப்பார்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருந்தாலும், மணிக்கணக்கில் ஓட்டவும், தூரத்தில் இருப்பதை ஜூம் செய்யவும், பேட்டரியைக் கழற்றி மாட்டவும் கேம்கார்டர்தான் எனக்கு வசதி. என்னைப் போலவே இன்னும் பல பேர் அலமாரியில் வைத்திருந்த பழைய கேமராவைத் துடைத்து எடுத்து வருகிறார்கள். அப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் படத்தைக் குறை சொல்வதில்லை, சத்தத்தைத்தான் சொல்கிறார்கள். படம் கெட்டால் அப்போதே திரையில் தெரிந்துவிடும். சத்தம் கெட்டது வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்க்கும்போதுதான் தெரியும், அதற்குள் தீமிதி முடிந்திருக்கும், மறுபடி நடத்தச் சொல்ல முடியாது.

கீழே இருப்பதை வரிசையாகப் படிக்க வேண்டாம், உங்கள் கேமராவில் என்ன கோளாறோ அந்த இடத்துக்கு நேராகப் போங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை. கேமராவில் ஹெட்போன் துளை இருந்தால் காதை முழுக்க மூடும் ஹெட்போன் ஒன்றை மாட்டுங்கள். மெனுவில் சத்தத்தைத் தொடும் எல்லா வசதிகளையும், அதாவது ஜூம் மைக், காற்றுச் சத்தக் குறைப்பு, சரவுண்ட், குரல் முன்னிலை என்று என்ன பெயரில் இருந்தாலும், நிறுத்திவிட்டு ஒரு நிமிடம் எடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகப் போட்டு ஒவ்வொரு நிமிடம் எடுங்கள். எதைப் போட்டதும் சத்தம் கெடுகிறதோ அதுதான் ஆள். பாதிக் கோளாறுகள் இங்கேயே பிடிபட்டுவிடும்.

மேளம் அடிக்கும்போது சத்தம் அமுங்குகிறது, நின்றதும் ஜெனரேட்டர் இரைச்சல் மேலே வருகிறது

உறுமி மேளம் எடுக்கிற எல்லாருக்கும் வருகிற தொல்லை இது. உறுமியில் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது 'ஊம்ம்' என்று ஓர் உறுமல் எழும்பும், மறுபக்கத்தில் அடி விழும். நேரில் நிற்கும்போது அந்த அடி நெஞ்சில் வந்து மோதும். எடுத்ததைப் போட்டுக் கேட்டால் முதல் அடி மட்டும் பலமாக இருக்கும், அடுத்த அடியிலிருந்து யாரோ தலையணையை வைத்து அமுக்கியது போல ஆகிவிடும். எங்கள் தோட்டத்துக் குழுவில் உறுமி வாசிக்கும் தம்பி ஒருமுறை என் வீட்டில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டுவிட்டு, "அண்ணே, நாங்க அடிச்சது இது இல்ல" என்றான். அவன் சொன்னது சரிதான்.

கேமராவுக்குள் சத்த அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆங்கிலச் சுருக்கத்தில் ஏஜிசி என்பார்கள். பெரிய சத்தம் வந்தால் சட்டென்று குறைக்கும், அடங்கினால் மெதுவாகக் கூட்டும். வீட்டில் பிள்ளைகள் பேசுவதை எடுக்க அது நல்ல ஏற்பாடு. மேளத்துக்கு மட்டும் அதுவே எதிரி. அடி விழுந்ததும் எல்லாவற்றையும் இறக்கிவிடுகிறது, மேளம் நின்ற இடைவெளியில் எல்லாவற்றையும் ஏற்றுகிறது, கோயிலுக்குப் பின்னால் ஓடும் ஜெனரேட்டர் காதுக்குள் வந்து நிற்கிறது.

முதலில் மெனுவில் சத்த அளவைக் கையால் வைக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் குழுவினர் முழு வேகத்தில் அடிக்கும்போதே வையுங்கள். தயாராகும்போது லேசாகத் தட்டுவார்களே, அதைக் கேட்டு வைத்தால் பலிக்காது. திரையில் ஓடும் பட்டை பெரிய அடிகளில் -12 டெசிபல் பக்கம் போய்த் திரும்பினால் போதும், 0-வைத் தொடவே கூடாது. டிஜிட்டல் பதிவில் 0-க்கு மேலே இடமில்லை, அங்கே போனது வெட்டுப்பட்டதுதான், பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாகத் திரும்பி வராது. குறைவாகப் பதிந்ததைக் கூட்டிக்கொள்ளலாம், ஆகவே சந்தேகம் வந்தால் குறைத்தே வையுங்கள்.

கையால் வைக்கும் வசதி இல்லாத மாதிரிகள் நிறைய. சோனி ஹேண்டிகேம் பலவற்றில் அதற்குப் பதிலாக மைக் ரெஃபரன்ஸ் லெவல் என்று ஒன்று இருக்கும், நார்மல், லோ என்று இரண்டே நிலை. மேளம், நாதஸ்வரம், மேடைக் கச்சேரி என்றால் லோவில் வையுங்கள், சத்தத்தின் ஏற்ற இறக்கம் அப்படியே பதியும். பேச்சுக்கு அது ஆகாது, முடிந்ததும் மறக்காமல் நார்மலுக்கு மாற்றிவிடுங்கள். கேனன் சிலவற்றில் இசை, பேச்சு என்று சூழலைத் தேர்ந்தெடுக்கும் மெனு வரும், அங்கே இசையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவைக் குறைத்தேன், கரகரப்பு போகவில்லை

பட்டை பாதியில்தான் நிற்கிறது, ஆனாலும் சத்தம் கிழிகிறது என்றால் நீங்கள் குறைக்கிற இடத்துக்கு முன்பே வெட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஒன்று மைக்கே தாங்கவில்லை, இல்லையென்றால் மைக்கிலிருந்து வருவதை முதலில் பெருக்கும் பகுதி தாங்கவில்லை. மெனுவில் மைக் அட்டெனுவேட்டர் என்று, மைக்கிலிருந்து வருவதை முதலிலேயே குறைக்கும் வசதி இருந்தால் போடுங்கள். இல்லையா, பின்னால் போங்கள். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் சுமார் 6 டெசிபல் இறங்கும். இரண்டு மீட்டரில் நிற்பவர் நாலு மீட்டருக்குப் போனாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

வெளி மைக் மாட்டினேன், சத்தமே இல்லை

துளையில் எதையாவது செருகினாலே கேமராவின் சொந்த மைக் துண்டிக்கப்பட்டுவிடும். ஆக, மைக்கின் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும், உள்ளே பேட்டரி தீர்ந்திருந்தாலும் முழு அமைதிதான். முதலில் அதைப் பாருங்கள். பேட்டரி தீரப்போகும் மைக் சிலசமயம் முழுசாக நிற்காமல் சத்தம் மெலிந்து, பொரிகிற மாதிரி கேட்கும்.

அடுத்தது பிளக். போனுக்கென்று விற்கிற காலர் மைக்கின் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், கேமராவுக்கு வேண்டியது இரண்டு வளையம். மூன்று வளையத்தை அப்படியே செருகினால் சத்தம் வராது, அல்லது அரைகுறையாக வரும். அதை மாற்றிக் கொடுக்கும் சின்ன இணைப்பு வயர் கடையில் கிடைக்கும். சொந்தப் பேட்டரி இல்லாத மைக் என்றால் கேமரா அந்தத் துளை வழியாகவே சிறு மின்சாரம் கொடுக்க வேண்டும், அது கொடுக்காத கேமராவில் அந்த மைக் வேலை செய்யாது.

பிளக்கைத் திருகினால் மட்டும் சத்தம் வந்து போகிறதா? நம் ஊர் ஈரக்காற்றில் துளைக்குள் இருக்கும் உலோகம் களிம்பு பிடித்துவிடும். கேமராவை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, பிளக்கில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் லேசாகத் தடவி நாலைந்து முறை செருகி எடுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். பையில் சிலிக்கா ஜெல் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும்.

ஹெட்போனில் நன்றாகக் கேட்கிறது, போனில் போட்டால் பேச்சைக் காணோம்

எனக்கு மிகவும் வருத்தம் கொடுத்த கோளாறு இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு தமிழ்ப்பள்ளிப் பரிசளிப்பு விழாவில் தேவானின் ஒலி மிக்சரிலிருந்து நேராக வயர் இழுத்து கேமராவில் செருகியிருந்தேன். ஹெட்போனில் பேச்சு வந்தது. கொஞ்சம் விசித்திரமாக, தலைக்குப் பின்னாலிருந்து வருவது போல இருந்தது, மண்டபம் அப்படி என்று விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து போனுக்கு மாற்றி ஒரு பிள்ளையின் அம்மாவுக்கு அனுப்பினேன். படம் ஓடுகிறது, அந்தப் பிள்ளை திருக்குறள் ஒப்பித்த குரல் துளிகூட இல்லை. ஒரே கோப்புதான், என் ஹெட்போனில் கேட்கிறது, அவர் போனில் இல்லை.

காரணம் வயர். மிக்சரின் பெரிய மூன்று பின் துளையிலிருந்து வருவது ஒரே சத்தம்தான், ஆனால் இரண்டு கம்பியில், ஒன்று நேராக, இன்னொன்று தலைகீழாக வருகிறது. தூரத்துக்குப் போகும்போது இடையில் சேரும் இரைச்சலைக் கழிக்க அந்த ஏற்பாடு. அதைச் சாதாரண வயரில் கேமராவின் ஸ்டீரியோ துளையில் செருகினால் நேரானது இடக்காதுக்கும் தலைகீழானது வலக்காதுக்கும் போய்விடும். ஒற்றை ஸ்பீக்கர் உள்ள போன் இரண்டையும் கூட்டும், கூட்டினால் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும்.

நல்லவேளை, இது திருத்தக்கூடியது. எடிட்டிங்கில் வலப்பக்கச் சத்தத்தை முழுவதும் நீக்கிவிட்டு, இடப்பக்கத்தையே இரண்டு பக்கத்துக்கும் போடுங்கள். பேச்சு அப்படியே திரும்பி வரும். அந்தப் பிள்ளையின் குறள் அன்றிரவே வந்துவிட்டது. அடுத்த தடவைக்கு, மிக்சரில் ரெக் அவுட் அல்லது டேப் அவுட் என்று எழுதிய சிவப்பு வெள்ளைத் துளைகளிலிருந்து எடுங்கள். அங்கே வரும் சத்தமும் மைக்கின் சத்தத்தை விட ஏறக்குறைய நூறு மடங்கு வலுவானது, நேராக மைக் துளையில் விட்டால் கிழியும். இடையில் சத்தத்தைக் குறைக்கும் வயர் அல்லது சிறு பெட்டி ஒன்று வேண்டும். அதில்லாத நாளில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் ஒரு மைக்கை வைத்துவிடுவது மேல்.

ஒரே சீராக 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல்

கேமராவின் சார்ஜரும் மிக்சரும் இரண்டும் சுவர் மின்சாரத்தில் இருந்தால், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகல் சத்த வயர் வழியாக உள்ளே வரும். சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் இடையில் ஆடியோ ஐசொலேட்டர் போடலாம், அது சத்தத்தை மட்டும் விட்டு இரண்டு கருவிக்கும் இடையிலான மின்தொடர்பைத் துண்டிக்கும். சிலர் மூன்று பின் பிளக்கில் எர்த் கம்பியைக் கழற்றிவிடுவார்கள், இரைச்சல் நிற்கும், ஆனால் மழையில் நனைந்த திடலில் அது உயிரை எடுக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

காற்றுச் சத்தம் போய்விட்டது, உறுமியின் அடிச்சத்தமும் போய்விட்டது

காற்றுச் சத்தக் குறைப்பு என்ற வசதி முக்கியமாக தாழ்ந்த ஒலிகளை வெட்டுகிறது. காற்று மோதுவதும் தாழ்ந்த ஒலி, தவில், உறுமி, பறை எல்லாவற்றின் கனமும் தாழ்ந்த ஒலி. கேமராவுக்கு வித்தியாசம் தெரியாது. மேளத்துக்கு அதை நிறுத்திவிட்டு, மைக் மேல் ரோமத் துணி உறை போடுங்கள். செம்பனை என்கிற எண்ணெய்ப் பனைக்கு நடுவில் காற்று குறைவு, திடலிலும் ஆற்றங்கரையிலும்தான் அடிக்கும்.

கேமராவில் சத்தம் உண்டு, கம்ப்யூட்டரில் இல்லை

ஏவிசிஹெச்டி என்ற கேம்கார்டர் பதிவு முறையில் எடுத்ததாக இருக்கும். அதில் சத்தம் பெரும்பாலும் டால்பி டிஜிட்டல் வடிவில் இருக்கும், சில போன்களுக்கும் சில பிளேயர்களுக்கும் அது புரியாது, படம் மட்டும் ஓடும். கோப்பில் ஒரு கோளாறும் இல்லை. விஎல்சி பிளேயரில் போட்டுப் பாருங்கள், கேட்கும். உறவினர்களுக்கு அனுப்ப ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் சத்தத்தை ஏஏசிக்கு மாற்றி எம்பி4 ஆக்குங்கள். கேமராவிலேயே எம்பி4 முறை இருந்தால் அதில் எடுத்துவிடுவது இன்னும் சுலபம்.

படத்தில் இருப்பவர்களை விட என் பேச்சுதான் பெரிதாகக் கேட்கிறது

சுற்றியுள்ள எல்லாத் திசைச் சத்தத்தையும் பதியும் 5.1 சரவுண்டில் எடுத்திருப்பீர்கள். பின்பக்கச் சத்தமும் பதிந்து, போனில் எல்லாம் ஒன்றாகக் கலக்கிறது. இரண்டு சேனல் ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். எடுக்கும்போது பேசாமல் இருப்பதும் நல்லது.

ஸ்லோ மோஷனில் சத்தம் இல்லை, படமும் மினுக்குகிறது

சத்தம் இல்லாதது கோளாறு அல்ல. உதாரணமாக சோனி ஹேண்டிகேம்களில் ஸ்மூத் ஸ்லோ என்ற வசதி சுமார் 3 விநாடியை 12 விநாடியாக நீட்டும், அந்த நேரத்துச் சத்தம் கூடவே பதியாது. இடைவெளி விட்டு எடுக்கும் டைம்லாப்ஸும் அப்படித்தான். இதைத் தெரியாமல் நூறு மீட்டர் ஓட்டத்தின் முடிவை ஸ்லோவில் எடுத்துவிட்டு, பிள்ளைகள் கத்தினது எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்தில் ஒரு போனைச் சத்தத்துக்காக மட்டும் ஓடவிடுங்கள்.

மினுக்கல் குழல் விளக்கால் வருவது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 தடவை துடிக்கும், கேமரா 120 படம் எடுத்தால் இரண்டும் பொருந்தாது. தேவானுக்குள் ஸ்லோ மோஷனைத் தவிருங்கள், வெயிலில் பயன்படுத்துங்கள். வேறு நாட்டிலிருந்து வாங்கி வந்த, 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கென்று செய்த கேமரா சாதாரணமாக எடுக்கும்போதே மினுக்கினால், ஷட்டரை 1/100-இல் வையுங்கள்.

ராத்திரியில் காவடி முழுக்கப் பச்சையாக விழுந்தால், இருட்டில் எடுப்பதற்கான நைட்ஷாட் வசதி போட்டபடி இருக்கிறது, அணைத்துவிடுங்கள்.

ரெக்கார்டை அழுத்தும் முன்பே நடந்தது போய்விட்டது

பானசோனிக், கேனன் மாதிரிகள் சிலவற்றில் பிரீ ரெக் உண்டு, அழுத்துவதற்கு முன் ஓடிய சுமார் 3 விநாடியும் சேர்ந்து பதியும். மாலை மாற்றுதல், உறியடி, ஓட்டப் பந்தயத் தொடக்கம் எல்லாவற்றுக்கும் அருமையான வசதி. ஆனால் போட்டவுடனே அழுத்தினால் 3 விநாடி கிடைக்காது, சேர்வதற்கு நேரம் வேண்டாமா? கேமரா ஓய்வில்லாமல் வேலை செய்வதால் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். அந்த 3 விநாடியில் நீங்கள் கேமராவைத் தூக்கி நகர்த்திய கையின் உரசலும் பதிந்திருக்கும், ஆகவே குறி வைத்து அசையாமல் நின்று பிறகு அழுத்துங்கள்.

அடிக்கிற கையும் சத்தமும் பொருந்தவில்லை

எவ்வளவு தூரத்திலிருந்து எடுத்தீர்கள்? ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்தால் படம் உடனே வரும், சத்தம் பத்தில் ஒரு பங்கு விநாடி தாமதம். விநாடிக்கு 25 படம் என்ற கணக்கில் இரண்டரைப் படம். பறையடிப்பில் அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எடிட்டிங்கில் சத்தத்தை அந்த அளவு முன்னே இழுத்தால் போதும்.

தனி ரெக்கார்டரிலோ போனிலோ சத்தம் எடுத்து, தொடக்கத்தில் சரியாக இருந்து முடிவில் விலகுகிறது என்றால் அது வேறு. இரண்டு கருவியின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என்று இரண்டு தடவை கேமரா முன் பலமாகக் கைதட்டுங்கள், எடிட்டிங்கில் இரண்டு கைதட்டலும் பொருந்தும்படி சத்தத்தை இழுத்துவிடலாம்.

பாதியில் தானாக நிற்கிறது, அல்லது நடுவில் சத்தம் ஒரு கணம் அறுந்து போகிறது

நிற்பதென்றால் கார்டைச் சந்தேகப்படுங்கள். ஏவிசிஹெச்டிக்கு கிளாஸ் 4 போதும், விநாடிக்கு 4 மெகாபைட். 4கே-யில் விநாடிக்கு 100 மெகாபிட் முறைக்கு யு3 என்று அச்சிட்ட கார்டு வேண்டும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் மலிவாக வாங்கிய கார்டை ஒருமுறை முழுசாக நிரப்பி, எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்காமல் கல்யாணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

அறுந்து போவதென்றால், நீண்ட பதிவைக் கேமரா துண்டு துண்டாகக் கோப்பாக்கும், நீங்கள் அவற்றை ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு ஒட்டும்போது இணைப்பில் சத்தம் தாவும். கேமராவோடு வந்த மென்பொருள் வழியாக இறக்கினால் அதுவே ஒரே கோப்பாகச் சேர்த்துக் கொடுக்கும்.

குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது

கடைசியாக, என் மனசுக்கு மிகவும் நெருக்கமான ஒன்று. பால்மரக் காலத்தில், அதாவது ரப்பர் காலத்தில், லயம் என்ற வரிசை வீடுகளில் வாழ்ந்த பெரியவர்கள் இப்போது தாமான் என்ற குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் பாடும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பல எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. கேமரா வைத்திருப்பவர் அதைத்தான் முதலில் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். எடுக்கும்போது எல்லாரும் செய்கிற தப்பு, கேமராவை மூன்று மீட்டர் தள்ளி வைத்து ஜூம் மைக்கைப் போடுவது. ஜூம் மைக் குரலை மட்டும் பக்கத்தில் கொண்டுவராது. சிமெண்டுத் தரையில் மோதித் திரும்பும் எதிரொலியும், மின்விசிறியும் சேர்ந்தே பெரிதாகும்.

என் பாட்டியை எடுத்தபோது மின்விசிறியை நிறுத்தினோம், ஐஸ்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினோம், தரையில் பாயும் போர்வையும் விரித்தோம். காலர் மைக்கைச் சேலையில் வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்தினேன். தாலிக்கொடி உரசி 'கிர்ர்' என்று வந்தது, ஹெட்போனில் கேட்டதால்தான் தெரிந்தது, மைக்கை மறுபக்கம் மாற்றினேன். பாட்டி இரண்டு அடி பாடியிருப்பார், மத்தியான மழை தகரக் கூரையில் இறங்கிவிட்டது. மழைச் சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கும், சாதாரண வடிகட்டி எதுவும் அதைக் குரலிலிருந்து முழுசாகப் பிரித்துத் தராது. நிறுத்தி வைத்தோம். தேநீர் குடித்தோம். மழை விட்டு, கூரையிலிருந்து சொட்டுவதும் ஓய்ந்த பிறகு, "மறுபடி ஆரம்பத்திலேருந்து பாடவாய்யா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியும் சேர்ந்தே பதிந்திருக்கிறது. அதை நான் வெட்டவில்லை.